சாவியை முதலே வாங்கி வையுங்கள்: குடிவெறியில் வண்டி எடுப்பதை ஊரே சேர்ந்து தடுக்க ஒரு வழிகாட்டி

இரண்டு வருசத்துக்கு முன்னம் எங்கள் ஊரில் ஒரு சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). இரவு பதினொரு மணிக்கு மேல் அங்கிருந்து வெளிக்கிட்ட பெடியன் ஒருவன், வீதியோரம் லைற் இல்லாமல் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் மோட்டார் சைக்கிளோடு போய் மோதினான். உயிர் தப்பினான், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று அவனுக்கு ஊற்றிக் கொடுத்தவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அவன் வெறியில் வண்டியில் ஏறியதை நானும் பார்த்தேன், "மெதுவா போ தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம், உள்ளுக்குள் இருக்கிற ஒரு ஊர். அந்த விபத்துக்குப் பிறகு தொடங்கிய வேலை உருப்படியாக நடக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது, அதில் ஐந்து மாதம் தேவையில்லாத அலைச்சல். நீங்கள் இதை ஆறு வாரத்தில் செய்யலாம். அதற்காகத்தான் எங்கே என்ன தாள் வேண்டும், எவ்வளவு காசு, எதில் பிழைவிட்டோம் என்பதெல்லாவற்றையும் எழுதுகிறேன்.

1. எதைத் தடுக்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

நாங்கள் முதல் கூட்டத்தில் "ஊரில் குடியை ஒழிப்போம்" என்று தொடங்கினோம். சனசமூக நிலையம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், அரை மணித்தியாலத்தில் ஆம்பிளைகளில் பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். கள் இறக்குகிற சீவல் தொழில் செய்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன, அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கள்ளை நிறுத்து என்று சொல்வது நியாயமும் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் வசனத்தை மாற்றினோம்: "குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது, எடுக்க விடவும் கூடாது." இதற்கு எதிராக ஒருவரும் பேசவில்லை. எழும்பிப் போனவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு எங்கள் குழுவில் இருக்கிறார்கள். குடியைப் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்குள் அதைக் கொண்டுவந்தால் இரண்டும் நடக்காது.

2. ஒரு பின்னேரம் உட்கார்ந்து ஊர்ப் படம் வரையுங்கள்

ஒரு பெரிய தாள், நாலைந்து பேர், இரண்டு மணித்தியாலம் போதும். எங்கெங்கே குடிக்கிறார்கள், எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறார்கள், எந்த வழியால் போகிறார்கள் என்று குறியுங்கள். தவறணை (கள்ளுக்கடை), பிரதான வீதியில் இருக்கிற பார், குளக்கட்டு மருத மரத்தடி, விளையாட்டு மைதானத்துக்குப் பின்பக்கம், விசேச வீடுகள் எல்லாம் வரவேண்டும். குழுவில் ஓட்டோ ஓடுகிற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஊரின் இரவு அவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் தவறணைதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். படம் போட்டபிறகுதான் தெரிந்தது, தவறணைக்குப் போகிறவர்களில் அனேகர் நடந்தோ துவிச்சக்கர வண்டியிலோ போகிற ஆட்கள், ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார்கள். ஆபத்து விசேச வீடுகளில் இருந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், பந்தலுக்குப் பின்னால் போத்தல் உடையும், நடுச்சாமத்தில் மங்குளம் - முல்லைத்தீவு வீதியில் ஏறுவார்கள். அந்த வீதியில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடு வெறி இல்லாதவன் கண்ணுக்கே கிட்டப் போன பிறகுதான் தெரியும்.

ஒவ்வொரு வீதிக்கும் பக்கத்தில் அது யாருடையது என்றும் எழுதி வையுங்கள், பிறகு உதவும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஊருக்குள் இருக்கிற கிறவல் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. குளக்கட்டும் வாய்க்கால் வீதியும் என்றால், பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளத்துக்குக் கமநல சேவை நிலையம்.

3. தாள் வேலை: இதைச் சரியாகச் செய்தால் பாதி அலைச்சல் மிச்சம்

புதிதாக ஒரு அமைப்புத் தொடங்கவே தொடங்காதீர்கள். பதிவு, யாப்பு, வங்கிக் கணக்கு என்று மாதக்கணக்கில் இழுபடும். பிரதேச செயலகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிற கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் இரண்டில் ஒன்றின் கீழ் ஒரு உபகுழுவாக இருங்கள். உங்களுக்கு வேண்டியவை:

கூட்டத் தீர்மானம், முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு அறிக்கைப் புத்தகத்தில் எழுதியது. அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதி. சங்கத்தின் பதிவு இலக்கம். குழு உறுப்பினர் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம். கிராம அலுவலர் மேலொப்பம் வைத்த கடிதம்.

இந்தக் கடிதத்தை ஐந்து இடத்துக்குக் கொடுங்கள்: பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, பிரதேச செயலாளர், பிரதேச சபைச் செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கமக்காரர் அமைப்பு. தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. இருந்தாலும் பொலிசுக்குக் கொடுக்கிறதோடு ஒரு சிங்களப் பிரதியும் சேர்த்தால் வேலை வேகமாக நடக்கிறது, எங்களுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிங்கள ஆசிரியை எழுதித் தந்தார்.

நாங்கள் விட்ட பெரிய பிழை இதுதான். ஒரு அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிட்டோம். நாலு மாதம் போன பிறகு கேட்டால், "அப்பிடி ஒரு கடிதம் வரவே இல்லையே அம்மா" என்றார்கள். கையில் ஆதாரம் இல்லை, திரும்ப முதலில் இருந்து தொடங்கினோம். எப்போதும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். முத்திரை குத்த மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். போட்டோப் பிரதி, தபால், பஸ் காசு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,400 ரூபாய் முடிந்தது.

பொதுமக்கள் தினம் எந்தக் கிழமை என்று கேட்டு அன்றைக்குப் போங்கள். வெளிக்களத்துக்குப் போகிற உத்தியோகத்தர்களும் அன்றைக்குக் கந்தோரில் இருப்பார்கள்.

4. சாவிப் பெட்டி

எங்கள் முழு ஒழுங்கிலும் உண்மையாக வேலை செய்தது இது ஒன்றுதான் என்று சொல்வேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடித்த ஆளிடம் போய்ச் சாவியைக் கேட்டால் தரமாட்டார். கேட்டது மரியாதைக் குறைவு என்று சண்டைக்கு வருவார், "எனக்கு ஒண்டும் செய்யாது" என்பார். அதே ஆள் பந்தலுக்குள் நுழையும்போது, சந்தனம் குங்குமம் வைத்துச் சர்பத் குடிக்கிற நேரத்தில், சிரித்துக்கொண்டே தருவார். ஆக, வரும்போதே வாங்க வேண்டும், எல்லாரிடமும் வாங்க வேண்டும். குடிப்பவர், குடிக்காதவர், மாப்பிள்ளையின் மாமா, கிராம அலுவலர், ஒருவருக்கும் விலக்கில்லை. ஆள் பார்த்து வாங்கத் தொடங்கினால் அன்றைக்கே முடிந்தது.

பெட்டி எங்கள் ஊர்த் தச்சர் செய்தது. பலகைப் பெட்டி, உள்ளே ஐம்பது ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் இலக்கம், மூடிக்குப் பூட்டு. மரமும் கூலியுமாக 6,500 ரூபாய். தடித்த மட்டையில் ஐம்பது சோடித் துண்டு வெட்டி ஒரே இலக்கத்தை இரண்டிலும் எழுதுங்கள். ஒன்று சாவியோடு நூலில் கட்டுவது, மற்றது ஆளின் கையில். துண்டில் வண்டி இலக்கத்தையும் பென்சிலால் எழுதுங்கள். முதல் தரம் எழுதாமல் விட்டு, ஒரே மாதிரி இருந்த இரண்டு சாவி மாறிப்போய் இரவு ஒரு மணிவரை நின்றோம்.

மேசையில் யார் இருப்பது என்பது முக்கியம். இளம் பெடியள் இருந்தால் கூட்டாளிக்குச் சாவி திரும்பக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருக்கிறார், அவர்தான் முதல் ஆள். "தம்பி, சாவியைத் தாங்கோ, வண்டியை நான் பாக்கிறன்" என்று கையை நீட்டுவார், ஊரில் பாதிப்பேர் அவரிடம் அரிவரி படித்தவர்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள். இரண்டாவது கதிரையில் அந்தக் காலிழந்த தம்பி. அவனை நாங்கள் கேட்கவில்லை, மூன்றாவது விசேசத்தில் தானாக வந்து உட்கார்ந்தான். அவன் ஒன்றும் பேசுவதில்லை, துண்டில் இலக்கம் எழுதிக் கொடுப்பான்.

திருப்பிக் கொடுக்கும்போது விதி ஒன்றே: ஆள் நேராக நின்று பெயரும் வண்டி இலக்கமும் சொல்ல வேண்டும், மணம் இருந்தால் சாவி காலையில். குடிக்காத மனைவியோ மகனோ அனுமதிப்பத்திரத்தோடு வந்து ஓட்டுவதென்றால் உடனே கொடுக்கலாம். தரமாட்டேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது, விசேச வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அதனால் விசேசத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னமே அந்த வீட்டுக்குப் போய்க் கதைத்து, அழைப்பிதழோடு கொடுக்க ஒரு சின்னத் துண்டும் அச்சடித்துக் கொடுங்கள்: "வாகனச் சாவியை வாசலில் ஒப்படைத்து உதவுங்கள். திரும்பிப் போக ஓட்டோ வசதி உண்டு." நூறு துண்டு போட்டோப் பிரதியில் அடிக்க 500 ரூபாய்க்குள் முடியும்.

பலவந்தமாகச் சாவியைப் பறிக்கவோ, வண்டியில் காற்றைத் திறந்துவிடவோ கூடாது. அதற்கு உங்களுக்குச் சட்டத்தில் இடம் இல்லை, முறைப்பாடு உங்கள் மேல் திரும்பும். ஒருவர் பிடிவாதமாக வெளிக்கிட்டால் 119 க்கு எடுத்து வண்டி இலக்கத்தையும் போகிற திசையையும் சொல்லுங்கள்.

5. வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற ஒழுங்கு இல்லாமல் சாவி வாங்காதீர்கள்

நடுக்காட்டில் ஆளை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் வைத்திருந்தால் அடுத்த தரம் ஒருவரும் தரமாட்டார்கள். ஊரில் இருக்கிற ஓட்டோக்காரர் இரண்டு பேரோடு விசேச இரவுக்கு மொத்தமாகப் பேசுங்கள். எங்களுக்கு இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை, சுற்று வட்டாரத்துக்குள், ஒரு ஓட்டோவுக்கு 5,000 ரூபாய். விசேச வீடு பாதி, சங்கம் பாதி. பந்தலுக்கும் வீடியோவுக்கும் முடிகிற காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, ஆனாலும் இதைக் கேட்கும்போதுதான் ஆட்கள் முகத்தைச் சுழிப்பார்கள். செத்த வீட்டில் பாதிக் காசும் கேட்காதீர்கள், அந்த நேரம் சங்கமே கொடுக்கட்டும். எட்டுச் செலவிலும் அந்தியேட்டியிலும் குடி குறைவில்லை, அதை மறக்கவேண்டாம்.

ஓட்டோக்காரர் குடிக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்காசு கொடுக்க வேண்டாம். ஒரு இரவு முன்காசு வாங்கிய ஒருவர் பத்து மணிக்கே பந்தலுக்குப் பின்னால் இருந்தார்.

கோயில் திருவிழாக்களுக்கு இது போதாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் உழவு இயந்திரப் பெட்டியிலும் லாண்ட்மாஸ்டரிலும் (இருசில்லு உழவு இயந்திரம்) போகும், விடிய விடியத் திரும்பும். அன்றைக்கு ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்துப் போய் வருவதுதான் வழி, வைகாசி பிறக்க முதலே பஸ்ஸுக்குச் சொல்லி வையுங்கள்.

6. தவறணை, கடை, பொலிஸ்

தவறணையைப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது என்றால் நேரே அதன் தலைவரிடம் போங்கள், முகாமையாளரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். நாங்கள் கேட்டது இரண்டு: மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அங்கேயே இருந்து குடிக்காமல் போத்தலில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், பக்கத்தில் சுண்டல் கடை ஒன்றுக்கு இடம் கொடுக்கட்டும். இரண்டுக்கும் ஓம் என்றார்கள்.

பாரில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். விற்கிறார்கள் என்றாலும் கசிப்பு (கள்ளச் சாராயம்) காய்ச்சுகிறார்கள் என்றாலும் மதுவரித் திணைக்களத்துக்கு 1913 இல் சொல்லுங்கள். கசிப்புக்காரரிடம் நீங்களாகப் போகாதீர்கள், அது வேறு ஆபத்து. புதிதாக ஒரு பார் வரப்போகிறதென்று கேள்விப்பட்டால் கடை திறக்க முதல், பிரதேச செயலாளருக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். திறந்த பிறகு வாசலில் மறியல் போராட்டம் செய்வதில் பலன் குறைவு.

பொலிசிடம், விசேச வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம், பிரதான வீதிச் சந்தியில் நின்று பலூன் ஊதுவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்றால் நீங்கள்தான் காட்டிக்கொடுத்தீர்கள் என்று ஆகிவிடும், பிறகு ஒரு வீடும் உங்களுக்குத் திகதி சொல்லாது. ஒலிபெருக்கி அனுமதிக்கு விசேச வீட்டுக்காரர் எப்படியும் பொலிசுக்குப் போவார், அவரோடு குழுவிலிருந்து ஒருவரும் போய் அதே நேரத்தில் இதையும் கதைத்து வந்தால் தனியாக ஒரு நாள் மினக்கெடத் தேவையில்லை.

7. வீதி

மின்கம்ப இலக்கத்தைக் குறித்து, எரியாத லைற்றுகளின் பட்டியலைப் பிரதேச சபைக்குக் கொடுங்கள். இலக்கம் இல்லாமல் "பாலத்தடி லைற்" என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். நீங்களாக மண் கொட்டி வேகத்தடை கட்டாதீர்கள், இரவில் அதில் விழுந்து செத்தால் பொறுப்பு உங்களுக்கு.

உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் லாண்ட்மாஸ்டருக்கும் பின்பக்கம் ஒளிதெறிக்கிற சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தன்று எல்லாரும் வண்டியோடு வருவார்கள், அன்றே ஒட்டிவிடலாம். 34 பெட்டிக்கு எங்களுக்கு 9,000 ரூபாய். சேற்றைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு ஒட்டாவிட்டால் ஒரு மழைக்குக் கழரும்.

8. பெடியளுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

பயமுறுத்தும் படங்களை விட இந்தக் கணக்கு வேலை செய்கிறது. கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம், நிறையில் 48 கிராம் அளவு. உடம்பு ஒரு மணித்தியாலத்தில் ஏழிலிருந்து பத்துக் கிராம்தான் கழிக்கும். அப்படியென்றால் இரவு பதினொரு மணிக்குக் கால் போத்தல் முடித்தவருக்கு விடிய நாலு, ஆறு மணிவரை உடம்பில் இருக்கும். அரைப் போத்தல் என்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றி இறக்குகிற நேரமும் வெறிதான். கோப்பி, தேசிக்காய்த் தண்ணி, மோர், தலைக்குக் குளிப்பது, ஒன்றும் அதைக் குறைக்காது. கள்ளும் அப்படித்தான், நேரம் போகப் போகப் புளித்து வெறி கூடும்.

சட்ட அளவு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கால் போத்தலைக் கெதியாகக் குடித்தாலே தாண்டிவிடுவார். பிடிபட்டால் இது தபாற்கந்தோரில் கட்டி முடிக்கிற தண்டம் இல்லை, நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தண்டப்பணம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது, அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தலாம், சிறையும் இருக்கிறது. வழக்குக்குப் போகிற நாட்களின் கூலியும் சட்டத்தரணி காசும் வேறு. முழுக் காப்புறுதி இருந்தாலும் குடித்து ஓட்டினால் உங்கள் வண்டிக்கு நட்டஈடு இல்லை என்று ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எழுதியிருக்கும், எடுத்து வாசித்துப் பாருங்கள்.

இதை மேடையில் பேசாதீர்கள். விளையாட்டுக் கழகத்தில் பயிற்சி முடிந்து தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது, அவர்களில் ஒருவனைக் கொண்டே கணக்கைப் போடவையுங்கள்.

9. இவற்றைச் செய்யவே கூடாது

வெறியில் விழுந்து கிடப்பவரைப் படம் எடுத்து முகநூலில் போடுவது. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் போட்டார், அந்த வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊர்க்கூட்டம் கூடித் தண்டம் அறவிடுவதும் அடிப்பதும் அப்படியே. பெண்சாதியிடம் போய் "உன்ர மனுசனை நீதான் பாக்க வேணும்" என்று சொல்வதையும் விடுங்கள், அந்தச் சொல்லுக்கு அவள் வீட்டில் அடி வாங்குவாள்.

நாளாந்தம் குடித்துக் கைநடுக்கம் வந்த ஆளைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், வலிப்பு வரும், உயிராபத்து. மாவட்டப் பொது வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அரச வைத்தியசாலை, காசு இல்லை. குடியை விடுவது பற்றிப் போனில் கேட்க 1927, உளநல உதவிக்கு 1926.

விபத்து நடந்துவிட்டால் 1990. அம்புலன்ஸ் இலவசம். ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கோயில், பள்ளிக்கூடம், கிலோமீற்றர் கல் இவற்றில் ஒன்றையும் சொல்லுங்கள். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றவோ, ஆளை ஓட்டோவில் மடித்து ஏற்றவோ வேண்டாம்.

10. காசும் காலமும்

தொடக்கச் செலவு எங்களுக்கு 18,000 ரூபாய் மட்டில் வந்தது. பாதி வெளிநாட்டில் இருக்கிற ஊராட்கள் அனுப்பியது, மிச்சம் சங்கக் கணக்கில் தீர்மானம் போட்டு எடுத்தது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் புத்தகத்தில் ஒட்டிச் சனசமூக நிலையத்தில் மேசையில் போட்டு வைத்தோம். காசுக் கதை வந்தால் வேலை நின்றுவிடும், அது வர முதல் புத்தகத்தைத் திறந்து வையுங்கள்.

முதல் கிழமை கூட்டம், இரண்டாம் கிழமை படமும் தீர்மானமும், மூன்றாம் நாலாம் கிழமை கடிதங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சாவிப் பெட்டிக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை, அந்த நேரத்திலேயே பெட்டியைச் செய்வித்து ஐந்தாம் ஆறாம் கிழமையில் வருகிற முதல் விசேசத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் வீடு குழுவில் இருக்கிற ஒருவருடையதாக இருக்கட்டும். போயா (பூரணை) நாளை அண்டி வருகிற விசேசமென்றால் கூடக் கவனம், கடை பூட்டென்று முதல் நாளே வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள்.

பிறகு வருசத்தில் இரண்டு தரம் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். ஒன்று வைகாசிக்கு முன்னம். மற்றது காலபோக அரிவி வெட்டுக்கு முன்னம், தை பிறக்க முதலே, ஏனென்றால் நெல் மூட்டையோடு பெட்டிகள் இரவிரவாக வீதியில் நிற்பது அந்த மாதங்களில்தான், கையில் காசு புழங்குவதும் அப்போதுதான். ஸ்ரிக்கர் உரிந்த பெட்டிகளை எண்ணி எழுதிக்கொண்டு போனால் அடுத்த கமக்காரர் கூட்டத்திலேயே ஒட்டி முடிக்கலாம்.